ஸ்கூட்டர் டிக்கியில் கிடந்த டி.எல்.டி. பேட்ஜ் சரியான கணக்கைச் சொல்லுமா?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருக்கிறேன். போன மாதம், என்மேல் படும் கதிரைப் பதிவு செய்யும் டி.எல்.டி. பேட்ஜ் எட்டு நாள் ஸ்கூட்டர் டிக்கியிலேயே கிடந்துவிட்டது. வண்டி நின்றது நல்ல வெயிலில். அதுவரை பதிவானதெல்லாம் சூட்டில் அழிந்திருக்குமா? இன்னொரு சந்தேகம். இதே கார்டு எனக்கு முன் வேறொருவரிடம் இருந்திருக்கும் என்கிறார்கள். அவர் வாங்கிய கதிர் என் கணக்கில் ஏறுமா?

பதில்: டிக்கி சூட்டில் உங்கள் பதிவு அழியாது. முன்பு அணிந்தவரின் கதிரும் உங்கள் கணக்கில் வராது. ஆனால் நீங்கள் கேட்காத ஒரு விஷயம்தான் எனக்குக் கவலை தருகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பேட்ஜின் உள்ளே இருக்கும் கார்டு என்பது நிக்கல் பூசிய அலுமினியத் தகடு. அதில் மூன்று வெள்ளை வில்லைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 13.3 மில்லிமீட்டர் அகலம், 0.8 மில்லிமீட்டர் கனம். டெஃப்லானோடு கலந்து அழுத்திய கால்சியம் சல்ஃபேட் தூள் அது. அந்தத் தூளில் டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் தனிமம் மிகக் கொஞ்சமாகச் சேர்க்கப்பட்டிருக்கும். ஆயிரம் கால்சியம் அணுவுக்கு ஒன்றுகூட வராது. அந்தக் கொஞ்சம்தான் எல்லா வேலையையும் செய்கிறது.

கால்சியத்தின் மின்சுமை இரண்டு, டிஸ்ப்ரோசியத்துக்கு மூன்று. ஒன்றின் இடத்தில் மற்றது போய் உட்கார்ந்ததும் கணக்கு இடிக்கிறது. அதைச் சரிக்கட்ட, படிகத்துக்குள் அங்கங்கே காலியிடங்கள் உண்டாகின்றன. எக்ஸ்ரே படும்போது எலக்ட்ரான்கள் தம் இடத்திலிருந்து பெயர்கின்றன. பெரும்பாலானவை உடனே திரும்பி விழுந்துவிடும். சில மட்டும் இதுபோன்ற குறைபாடுகளில், குழியில் கால் சிக்கியதுபோல மாட்டிக்கொள்ளும். கதிர் கூடினால் மாட்டிக்கொள்வதும் கூடும். பேட்ஜின் நினைவு என்பது இதுதான்.

ஆய்வகத்தில் சுமார் 285 டிகிரி சூடுள்ள நைட்ரஜன் வாயுவை வில்லைமேல் பாய்ச்சுவார்கள். மாட்டியவை விடுபட்டுச் சேரும்போது வெளிவரும் ஆற்றலை டிஸ்ப்ரோசியம் வாங்கி ஒளியாக விடுகிறது: 480 நானோமீட்டரில் நீலம், 570-ல் மஞ்சள். எவ்வளவு கதிர் பட்டாலும் இந்த நிறங்கள் மாறுவதில்லை. ஒளி விடும் எலக்ட்ரான்கள் டிஸ்ப்ரோசியத்தின் உள்கூட்டில் இருக்கின்றன, வெளிக்கூடு அவற்றுக்குத் திரைபோல நிற்கிறது. மாறுவது ஒளியின் அளவுதான். அதை அளந்துதான், உடம்பில் பட்ட கதிரை மில்லிசீவர்ட் என்ற அலகில் உங்கள் கணக்கில் எழுதுகிறார்கள்.

இப்போது டிக்கிக்கு வருவோம். எல்லாக் குழியும் ஒரே ஆழம் இல்லை. ஆழமில்லாத சில குழிகள் 80, 120 டிகிரிவாக்கில் காலியாகும். அவை சாதாரண அறைச் சூட்டிலேயே சில நாளில் கசிந்துவிடும் என்பதால் யாரும் அவற்றை நம்பிக் கணக்குப் போடுவதில்லை. கணக்குக்கு எடுப்பது 220 டிகிரியை ஒட்டி உச்சம் காட்டும் ஒளியை. வெயிலில் நின்ற வண்டியின் டிக்கி எவ்வளவு கொதித்தாலும் அதன் பக்கத்தில்கூட வராது. மாதக்கணக்கில் வைத்திருந்தாலே இந்தப் பொருளில் சில சதவீதம்தான் குறையும்.

சூட்டைவிட வெயிலின் ஒளிக்குத்தான் பயப்பட வேண்டும். புற ஊதா ஒளி சிக்கிய எலக்ட்ரான்களைக் கொஞ்சம் விடுவிக்கும், ஆழத்தில் கிடப்பவற்றைக் கிளறி இல்லாத கணக்கையும் உண்டாக்கும். கார்டைக் காகிதத்தில் சுற்றி, பைக்குள் வைத்து, உறைக்குள் போட்டிருப்பது இதற்காகவும்தான். டிக்கி இருட்டு, அந்த மட்டில் நல்லது. சட்டையோடு சேர்த்துத் துவைத்திருந்தால் கதை வேறு. தண்ணீர் கதிரின் பதிவைக் கழுவாது. ஆனால் வில்லையில் ஒட்டிய சோப்பும் அழுக்கும் சூடாகும்போது பொய் ஒளி தரும்.

இரண்டாவது கேள்வி. ஆய்வகத்தில் சூடாக்கி அளக்கும்போதே குழிகள் பெரும்பாலும் காலியாகிவிடும். அதன்பின் கார்டுகளைச் சுமார் 230 டிகிரியில் சில மணி நேரம் அடுப்பில் வைத்து மிச்சத்தையும் துடைக்கிறார்கள். டெஃப்லான் 327 டிகிரியில் உருகிவிடும் என்பதால் சூட்டை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. அதனால் மிக ஆழமான குழிகளில் இருப்பவை தங்கிவிடும். இது எப்போது தொல்லை? பல பத்து கிரே (எக்ஸ்ரேக்கு ஒரு கிரே என்பது சுமார் ஆயிரம் மில்லிசீவர்ட்) அளவில் கதிர் வாங்கிய கார்டில், நிரம்பிய ஆழக் குழிகள் அடுத்த முறை எலக்ட்ரான்களுக்குப் போட்டி போடாது. அதனால் அதே கதிருக்கு ஒளி கூடுதலாக வரும், கார்டின் உணர்திறனே மாறிப்போகும். கதிர் இந்தப் பொருளின் ஒளிரும் குணத்தை உண்மையாகவே மாற்றுவது அங்கேதான். ஆனால் நம் நாட்டில் பணியாளருக்கான வரம்பு ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது. பல பத்து கிரே என்பது அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். உங்களுக்கு முன் அணிந்த எக்ஸ்ரே ஊழியரால் அது நடந்திருக்காது.

சூடாக்கியதும் பதிவு போய்விடுவதால், அதே கார்டை வைத்து முழுக் கணக்கையும் மறுபடி எடுக்க முடியாது. ஒரே வாய்ப்பு. ஆகவே அதைத் திறப்பதோ, இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் மாட்டவிடுவதோ வேண்டாம்.

ஃபிலிமுக்குப் பதில் எக்ஸ்ரே படத்தைப் பதியும் சி.ஆர். கேசட்டை நீங்கள் பயன்படுத்தினால் அதன் பிளேட்டிலும் இதே கதைதான். அங்கே டிஸ்ப்ரோசியத்துக்குப் பதில் யூரோப்பியம் என்ற இன்னொரு அருமண் தனிமம், சூட்டுக்குப் பதில் சிவப்பு லேசர். இயற்கைக் கதிரும் அதில் மெல்ல ஏறும். ஓரிரு நாள் சும்மா கிடந்த கேசட்டை அழித்துவிட்டு எடுத்தால் படத்தில் மூட்டம் வராது.

சரி, என் கவலை இது. பேட்ஜ் டிக்கியில் கிடந்த எட்டு நாளும் நீங்கள் வேலை செய்தீர்களா? அப்படியானால் பழைய பதிவு பத்திரம், அந்த எட்டு நாள்தான் எங்கும் இல்லை. இழப்பை ஈடுகட்ட எக்ஸ்ரே அறையில் கார்டைத் தொங்கவிடும் வேலை மட்டும் வேண்டாம். அது உங்கள் உடம்பின் கணக்கு அல்ல, பின்னால் வீண் விசாரணைதான் வரும். தேதிகளையும் அந்த நாட்களில் எடுத்த படங்களின் எண்ணிக்கையையும் எழுதி, உங்கள் கதிர்ப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள். மற்ற நாட்களின் அளவை வைத்து அந்த எட்டு நாளுக்கு ஒரு மதிப்பீடு போட வழி உண்டு. நாளையிலிருந்து பேட்ஜ் உங்கள் மார்பில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே இருக்கட்டும். டியூட்டி முடிந்ததும், ஒப்பிட்டுப் பார்க்க யாரும் அணியாமல் வைத்திருக்கும் கன்ட்ரோல் கார்டு இருக்கும் இடத்திலேயே அதையும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.