நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கல்லீரல் எப்படித் தயாரிக்கிறது?

நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்களின் வேலைதானே, இதில் கல்லீரல் எங்கே வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளைப் பொறுத்தவரை சரிதான், அவை பிளாஸ்மா செல்கள் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்களில் உருவாகின்றன. ஆனால் ரத்தத்தில் எப்போதும் காவல் சுற்றி, கிருமிகளைத் தாக்க உதவும் காம்ப்ளிமென்ட் என்ற புரதங்களில் பெரும்பாலானவை கல்லீரல் செல்களிலிருந்து வருபவை.

அவற்றில் அதிக அளவில் இருப்பது சி3 என்ற புரதம். முதலில் 1,663 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலியாக உருவாகும். செல்லுக்குள் புரதங்களைப் பக்குவப்படுத்தும் எண்டோபிளாஸ்மிக் வலைக்குள் நுழையும்போது முகவரிச் சீட்டு போன்ற முதல் 22 அமிலங்கள் வெட்டப்படும். அங்கேயே மடிப்பும் சர்க்கரை ஒட்டுவதும் நடக்கும். அப்புறம் ஃபியூரின் என்ற நொதி நடுவில் வெட்ட, நான்கு ஆர்ஜினின்கள் நீங்கி இரண்டு சங்கிலிகளாகும். கந்தகப் பாலம் பிடித்திருப்பதால் அவை பிரிவதில்லை. எனக்கு மிகவும் வியப்பானது உள்ளே ஒளிந்திருக்கும், எளிதில் வினைபுரியும் தயோஎஸ்டர் என்ற வேதிப் பிணைப்பு. ரத்தத்தில் சி3 வெட்டப்பட்டதும் அது வெளிப்பட்டு, கிருமியின் மேற்பரப்பில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்குகின்றன.

கல்லீரல்தான் மூலம் என்பதற்கு அழகான சான்று உண்டு. கல்லீரல் மாற்றுக்குப் பிறகு நோயாளியின் சி3 வகை (இது மரபுப்படி ஆளுக்கு ஆள் மாறக்கூடியது), தானம் தந்தவரின் வகையாகவே மாறியதை 1969-இல் வந்த ஆய்வு காட்டியது.

காய்ச்சல் வந்தால் டாக்டர் எழுதித்தரும், அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதத்துக்கான பரிசோதனையும் இதே தொழிற்சாலையின் சரக்கைத்தான் அளக்கிறது. நோய் எதிர்ப்பு செல்கள் அனுப்பும் ஐஎல்-6 என்ற செய்தி வந்ததும் கல்லீரல் அதைக் கொட்டத் தொடங்கும். கடுமையான தொற்றில் அளவு ஆயிரம் மடங்குகூட ஏறும். முற்றிய சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிக் கெடும் நோய்) நோயாளிகளுக்குத் தொற்று எளிதில் பிடிப்பதற்கு, காம்ப்ளிமென்ட் புரதங்கள் குறைவதும் ஒரு காரணம்.