வாசனை தெரியாமல் போவது எதன் அறிகுறி?

கேள்வி: என் தந்தைக்கு வயது 66. தாளிக்கும் மணமோ, பால் அடிப்பிடித்த வாடையோ தமக்குத் தெரிவதில்லை என்று சில மாதங்களாகச் சொல்கிறார். இது பார்க்கின்சன் நோயின் முன்னறிகுறி என்று படித்ததிலிருந்து அச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி ஒருவர், ஈரோடு

பதில்: பார்க்கின்சன் நோயாளிகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு முகரும் திறன் குறைந்திருப்பதும், கைநடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அக்குறை தொடங்கிவிடக்கூடும் என்பதும் உண்மைதான். ஆனால் முகர்திறன் குறைந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்நோய் இருப்பதில்லை. மூக்கினுள் சதை வளர்தல், நாள்பட்ட சைனஸ் அழற்சி, வைரஸ் தொற்று, தலையில் பட்ட அடி, முதுமை ஆகியவையே வழக்கமான காரணங்கள். தவிர, பார்க்கின்சன் நோயாளிகளில் பலர் சோதித்துப் பார்க்கும்வரை தம் குறையை அறிவதே இல்லை என்று அமெரிக்காவில் ரிச்சர்ட் டோட்டி குழுவினர் 1988இல் கண்டனர். உங்கள் தந்தையோ தாமே உணர்ந்து சொல்கிறார். இதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கில் அடைப்போ அழற்சியோ இருந்தால், அதற்குரிய சிகிச்சையிலேயே வாசனை திரும்பக்கூடும். அவ்வாறு எதுவும் தென்படாவிட்டால், முகர்திறனை அளந்து பார்ப்பது நல்லது. ஜெர்மனியில் 1990களில் உருவான பேனா வடிவச் சோதனை மூன்று திறன்களைத் தனித்தனியே அளக்கிறது: எவ்வளவு மெல்லிய வாசனை எட்டுகிறது, இரு வாசனைகளை வேறுபடுத்த முடிகிறதா, இன்னதென்று பெயர் சொல்ல முடிகிறதா என்பவை அவை. மூக்கு நோய்களில் முதலாவது அதிகம் பழுதுபடும். பார்க்கின்சன் நோயில் மற்ற இரண்டும் தெளிவாகக் குறையும். இத்தகைய சோதனைகளில் ஒரு சங்கடம் உண்டு. டோட்டி உருவாக்கிய 40 வாசனைச் சோதனையில் ரூட் பீர் என்னும் அமெரிக்கப் பானத்தின் மணமும் வருகிறது. அதை ஒருநாளும் குடித்திராதவர் தவறாகச் சொன்னால், அது மூக்கின் குற்றமாகாது.

நாள்பட்ட மலச்சிக்கல், கனவில் கை கால்களை வீசிக் கத்துதல், நடையில் தளர்ச்சி ஆகியவை சேர்ந்திருந்தால் நரம்பியல் மருத்துவரையும் பாருங்கள். இவற்றுக்கெல்லாம் முன்பாக, வீட்டில் எரிவாயுக் கசிவை உணர்த்தும் கருவி ஒன்றைப் பொருத்திவிடுங்கள். சிலிண்டர் வாயுவில் கசிவை அறிவதற்காகவே சேர்க்கப்படும் மெர்காப்டனின் நாற்றமும் அவருக்கு எட்டாமல் போகலாம்.

கேள்வி: கோவிட் வந்து போனபின் காபியில் கருகிய நாற்றம் அடிக்கிறது. இது மாறுமா?
- வாசகர் ஒருவர், மதுரை

பதில்: பெரும்பாலோருக்குப் படிப்படியாக மாறும். வாசனையை உணரும் நரம்பணுக்களைவிட, அவற்றைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களையே அந்த வைரஸ் முதன்மையாகத் தாக்குகிறது. நரம்பணுக்கள் வாழ்நாள் முழுதும் புதிதாக முளைக்கக்கூடியவை. ஆனால் மீட்சியின்போது செய்தி அரைகுறையாக மூளைக்குச் சென்று, மணம் திரிந்து தெரிகிறது. காபி, வெங்காயம், பூண்டு ஆகியவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் இதைக் கூடுதலாகத் தூண்டுகின்றன. ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009இல் வெளியிட்ட பயிற்சி எளியது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் எண்ணெய்களை நாள்தோறும் காலையும் மாலையும் சில விநாடிகள் கவனமாக முகர்ந்து, 12 வாரங்களாவது தொடர வேண்டும். யூகலிப்டஸின் குளிர்ச்சியை மட்டும் கணக்கில் கொள்ளாதீர்கள். அது முகத்தின் தொடுவுணர்வைக் கொண்டுசெல்லும் முப்பிரிவு நரம்பு (trigeminal) வழியே வருவதால், முகர்திறன் அறவே இழந்தவருக்கும் தெரியும்.