விடுதியில் நடந்ததை யார் விசாரிப்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வெளிநாட்டில் தலைமையகம் உள்ள ஒரு மிஷன் நடத்தும் விடுதியில் தங்கி என் மகன் எட்டாம் தரத்தில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் திரும்பிப் போக மறுத்தான். மூன்றாம் நாள் இரவு, விளக்கை அணைத்த பிறகுதான், விடுதி மேற்பார்வையாளர் ஒருவர் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டதைச் சொன்னான். நான் பொறுப்பாளரிடம் போனேன். அவர் என்னை இருத்தி, ஜெபம் செய்து, விசாரிப்பதாகச் சொன்னார். இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது. ‘விடயம் உள்ளகமாக விசாரிக்கப்பட்டு முடிவுக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. சம்பந்தப்பட்ட சகோதரர் தமது தவறுக்கு மனம் வருந்தியுள்ளதுடன் வேறு பணித்தளத்துக்கும் அனுப்பப்பட்டுள்ளார். பிள்ளையின் எதிர்காலம் கருதி இதனை வெளியில் பேச வேண்டாம்’ என்று எழுதியிருந்தார்கள். மகனின் படிப்புச் செலவை அவர்கள்தான் பார்க்கிறார்கள். ‘பேசாமல் இரு’ என்கிறார் என் தமையன். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், வலிகாமம்

பதில்: மகன் மூன்றாம் நாளிலேயே உங்களிடம் சொல்லிவிட்டான். இது பெரிய காரியம். நிறுவனங்களில் நடந்த சிறுவர் பாலியல் துஷ்பிரயோகம் பற்றி அவுஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை ஆராய்ந்த அரச ஆணைக்குழுவிடம் பேசியவர்கள், தமக்கு நேர்ந்ததை முதன்முதலாக ஒருவரிடம் சொல்வதற்குச் சராசரியாக 23.9 ஆண்டுகள் எடுத்திருந்தார்கள். அவன் சொன்னதை நம்புவதாக அவனிடமே ஒரு தடவை சொல்லிவிடுங்கள். அதன்பின் விவரம் கேட்டுத் துருவாதீர்கள். மாமனார், போதகர், அதிபர் என்று ஆளுக்கொரு தடவை கேட்கவும் விடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் பிள்ளை அதே வேதனையைத் திரும்ப அனுபவிக்கிறான் என்பது ஒருபுறம் இருக்க, சொல்லுக்குச் சொல் உண்டாகும் சிறு வித்தியாசங்களே நாளை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் கையில் ஆயுதமாகிவிடும். அன்றிரவு அவன் சொன்னதை, அவன் சொன்ன சொற்களிலேயே, ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதி வையுங்கள். அந்தக் கடிதத்தையும் உறையோடு பத்திரப்படுத்துங்கள். ‘தமது தவறு’ என்று அவர்களே எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்கள் அல்லவா?

அந்தக் கடிதத்தைச் சற்று நிதானமாக வாசிப்போம். ‘உள்ளகமாக விசாரிக்கப்பட்டு’ என்கிறது. யார் விசாரித்தார்? அந்த மேற்பார்வையாளரை நியமித்தவர்களும், அவருடன் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டவர்களும், அவர்மீது குற்றம் உறுதிப்பட்டால் வெளிநாட்டுக் கொடையாளருக்கு என்ன பதில் சொல்வது என்று கவலைப்படுகிறவர்களும்தான். அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சிறுவர் இல்லத்தின் நிர்வாகக் குழுவில் நானும் இருந்திருக்கிறேன். இத்தகைய முறைப்பாடு ஒன்று வந்தபோது, தேநீரும் பிஸ்கட்டும் வைத்து நாங்கள் முக்கால் மணி நேரம் பேசினோம். அதில் அரை மணி நேரம் ஆண்டறிக்கையில் இதைக் குறிப்பிடுவதா இல்லையா என்பதில் போயிற்று. பிள்ளையின் பெயரை அந்த அறையில் யாரும் ஒரு தடவைகூட உச்சரிக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மிஷன் நிறுவனங்களுக்கு இதில் வேறு சில இடர்ப்பாடுகளும் உண்டு. செய்வது இறைபணி என்பதால், குற்றத்தை வெளியே சொல்வது அந்தப் பணியையே கெடுப்பதாகத் தோன்றுகிறது. தலைமையகம் ஒரு நாட்டில், பணித்தளம் இன்னொரு நாட்டில், பணியாளர் மூன்றாவது நாட்டவர் என்று இருக்கும்போது எந்தப் பொலிஸாரும் முழுக் கதையையும் காண்பதில்லை. பிள்ளைகளோ பெற்றாரை விட்டு விடுதியில் இருக்கிறார்கள். மேற்கு ஆபிரிக்காவின் கினியில் ‘கிறிஸ்தவ மிஷனரி அலையன்ஸ்’ என்ற அமெரிக்க அமைப்பு மாமூ என்ற ஊரில் 1971 வரை ஒரு விடுதிப் பாடசாலையை நடத்தியது. மிஷனரிமாரின் சொந்தப் பிள்ளைகளே அங்கே படித்தார்கள். வீட்டுக்கு அவர்கள் எழுதிய கடிதங்களை விடுதிப் பணியாளர்கள் வாசித்த பிறகே அனுப்பினார்கள். முறையிட்டால் அப்பா அம்மாவின் ஊழியம் கெட்டுவிடும் என்ற பயம் அந்தப் பிள்ளைகளின் மனதில் ஊட்டப்பட்டிருந்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, நடுவயதை எட்டி, விடாமல் கேட்ட பிறகுதான் ஒரு சுதந்திர விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1998இல் வெளியானது. பள்ளி மூடி 27 ஆண்டுகளுக்குப் பிறகு!

அடுத்தது ‘வேறு பணித்தளத்துக்கு அனுப்பப்பட்டுள்ளார்’ என்ற வசனம். கடிதத்தில் என்னை உலுக்கியது இதுதான். அந்தப் பணித்தளத்திலும் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டீர்களா? இங்கிலாந்தில் ஜோன் ஸ்மைத் என்ற சட்டத்தரணி, கிறிஸ்தவ விடுமுறை முகாம்களுக்கு வந்த இளைஞரைத் தம் வீட்டுத் தோட்டத்துக் கொட்டிலில் வைத்துப் பிரம்பால் கொடூரமாக அடித்துவந்தார். அதை விவரிக்கும் அறிக்கையொன்று 1982இலேயே எழுதப்பட்டுச் சிலருடைய கைகளில் இருந்தது. பொலிஸாருக்குக் கொடுக்கப்படவில்லை. 1984இல் அவர் சிம்பாப்வேக்குப் போய் அங்கேயும் சிறுவர் முகாம்களைத் தொடங்கினார். 1992இல் அத்தகைய முகாமொன்றில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். ஸ்மைத் பின்னர் தென்னாபிரிக்காவில் குடியேறி, தண்டனை எதுவும் பெறாமலே 2018இல் காலமானார். இங்கிலாந்துத் திருச்சபை இதை எவ்வாறு கையாண்டது என்ற சுதந்திர மீளாய்வு 2024 நவம்பரில் வெளியாகி ஒரு கிழமைக்குள் கன்ரபரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவிக்க நேர்ந்தது. 1982இல் அந்தத் தாள்கள் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போயிருந்தால், சிம்பாப்வேப் பிள்ளைகள் அவர் முகத்தையே கண்டிருக்க மாட்டார்கள்.

‘மனம் வருந்தியுள்ளார்’ என்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவர் வருந்தட்டும், ஆண்டவரிடம் மன்னிப்பும் கேட்கட்டும். ஆனால் அந்த வருத்தத்தை ஏற்றுக்கொள்ளும்படி உங்களையோ பிள்ளையையோ வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை. அப்படியொரு தாளில் கையொப்பம் கேட்டால் வைக்காதீர்கள். பங்களாதேஷில் பணியாற்றிய ஓர் அமெரிக்க மிஷன் வைத்தியர் சக மிஷனரியின் மகளிடம் தவறாக நடந்துகொண்டது 1989இல் தெரியவந்தது. அந்த மிஷன் செய்தது என்ன? பதின்ம வயதிலிருந்த அந்தப் பிள்ளையை விசாரித்து, அவள்தான் பாவம் செய்தவள் போல எழுதப்பட்ட அறிக்கையில் அவளிடமே கையொப்பம் வாங்கியது. 2011இல் அந்த மிஷனரிமாரின் வளர்ந்த பிள்ளைகள் இதைப் பகிரங்கப்படுத்திய பின்பு, வெளியாரான ஒரு விசாரணை அமைப்பை அந்த மிஷன் அமர்த்தியது. பணி முடியும் முன்னரே, 2013இல், அதை விலக்கிவிட்டது. வேறொரு நிறுவனம் செய்த விசாரணையின் அறிக்கை 2016இல்தான் வெளிவந்தது. ஆகவே ‘வெளியாரைக் கொண்டு விசாரிக்கிறோம்’ என்று நாளை உங்களிடம் சொன்னாலும், அறிக்கையை முதலில் யார் வாசிப்பார், அது முழுமையாக வெளிவருமா என்ற இரண்டையும் கேளுங்கள்.

இனி நீங்கள் செய்யவேண்டியது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்குத் தமிழிலேயே பேசலாம். உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். பொலிஸில் சிறுவர், பெண்கள் பிரிவு இருக்கிறது. எந்த வாசலில் நுழைந்தாலும் முறைப்பாட்டின் இலக்கத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார்கள். உடலில் அடையாளம் எதுவும் இல்லையென்று அவர் எழுதினால் ஒன்றுமே நடக்கவில்லை என்று பொருளாகாது. பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாகச் சமர்ப்பிக்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சாட்சியச் சட்டம் இடமளிக்கிறது என்பதைச் சட்டத்தரணியிடம் நினைவூட்டுங்கள். சட்டத்தரணிக்குப் பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் இணக்கசபைக்கு வரச் சொன்னால் போகாதீர்கள். இது காணி வேலிப் பிணக்கு அல்ல.

படிப்புச் செலவு பற்றிய உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. பிள்ளையை வீட்டுக்கு அருகிலுள்ள பாடசாலையில் சேர்க்க வலயக் கல்வி அலுவலகத்தை நாடலாம். மேற்சொன்ன உத்தியோகத்தரிடம் உதவித் திட்டங்களைப் பற்றியும் கேட்கலாம். தமையனாரிடம் ஒன்று சொல்லுங்கள்: பேசாமல் இருப்பதற்குத்தான் அந்தக் கடிதமே எழுதப்பட்டிருக்கிறது.

கேள்வி: இப்படியான குற்றச்சாட்டுகள் மதமாற்றத்தை எதிர்ப்பவர்கள் மிஷன்களை இழிவுபடுத்துவதற்காகக் கிளப்புபவை அல்லவா? எங்கள் பாட்டனார் மிஷன் பள்ளியில் படித்துத்தான் மனிதரானார்.
– ஒரு வாசகர், உடுவில்

பதில்: உங்கள் பாட்டனாருடைய நன்றி நியாயமானது. 1816இல் தெல்லிப்பழைக்கு வந்த அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும், மறு ஆண்டு உங்கள் ஊரிலேயே பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் தொடங்கியிராவிட்டால் யாழ்ப்பாணக் கல்வியின் சரித்திரமே வேறாக இருந்திருக்கும். ஆனால் மேலே நான் எழுதிய சம்பவங்களை இன்னொரு முறை பாருங்கள். முறையிட்டவர்கள் யார்? மாமூவில் மிஷனரிமாரின் பிள்ளைகள்; பங்களாதேஷ் விடயத்தில் மிஷனரியின் மகள்; இங்கிலாந்தில் ஜெபத்தோடு வளர்ந்த முகாம் இளைஞர்கள். செனகலில் ‘நியூ ட்ரைப்ஸ் மிஷன்’ நடத்திய பண்டா விடுதிப் பாடசாலை பற்றி 2010இல் வந்த கடுமையான அறிக்கையும் மிஷனரிமாரின் பிள்ளைகள் பேசியதால் வந்ததுதான். அதை எழுதியது ஒரு கிறிஸ்தவ அமைப்பு. இவர்கள் எவரும் மிஷனின் பகைவர்கள் அல்லர்.

வேறு மதத்தவர் இதைத் தடியாக எடுத்துச் சுழற்றுவார்கள் என்பதும் உண்மைதான். யுத்தத்துக்குப் பின் வடக்கில் எல்லா மதத்தினரும் சிறுவர் இல்லங்களை நடத்துகிறார்கள். கதவு மூடிய இடத்தில் நடப்பது எந்த மதத்தின் இல்லத்திலும் நடக்கலாம். பொய்க் குற்றச்சாட்டும் வரலாம். அதற்காகத்தான் பொலிஸ் விசாரணையும் நீதவானும் வேண்டும் என்கிறேன்; விடயம் உள்ளறையில் தீர்த்துவைக்கப்பட்டால், குற்றஞ்சாட்டப்பட்டவர் நிரபராதியாகவே இருந்தாலும், அவர்மீது விழுந்த சந்தேகம் சாகும்வரை போகாது. கத்தோலிக்கத் திருச்சபையே 2019இல் இத்தகைய வழக்குகளிலிருந்து ‘பாப்பரசரின் இரகசியம்’ என்ற, விபரங்களை வெளியிடத் தடைபோட்ட திரையை நீக்கியது. அதைச் செய்வித்தவர் பாப்பரசர் பிரான்சிஸ். அவரையும் மதமாற்ற எதிர்ப்பாளர் என்பீர்களா?

இதை வாசிக்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். கோபத்தில் பிள்ளையின் படத்தையோ பெயரையோ பேஸ்புக்கில் போடாதீர்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரை அடையாளம் காட்டும் எதையும் பிரசுரிப்பது தண்டனைச் சட்டக் கோவையின்படி தனிக் குற்றம்.

கேள்வி: பேத்தியை ஒரு மிஷன் விடுதியில் சேர்க்க இருக்கிறோம். என்னென்ன பார்க்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பருத்தித்துறை

பதில்: சிறுவர் இல்லமாக நடத்தப்படும் இடமென்றால் வடமாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தில் பதிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். பிள்ளை பாதுகாப்புக் கொள்கை என்ற தாளைக் காட்டச் சொல்லுங்கள். எல்லோரும் ஒன்று வைத்திருப்பார்கள், அதில் 1929ம் பொலிஸும் எங்கே வருகின்றன என்று பாருங்கள். ‘முதலில் பொறுப்பாளரிடம், பின்னர் தலைமையகத்திடம், தேவையேற்படின் உரிய அதிகாரிகளிடம்’ என்று எழுதியிருந்தால், அந்தத் ‘தேவை’யைத் தீர்மானிப்பவர் யார் என்று கேளுங்கள். இரவில் எத்தனை பெரியவர்கள், எந்த அறையில், யாருக்குத் தெரியப் படுக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். முகஞ்சுளித்தாலும் பரவாயில்லை.

பிறகு தொலைபேசி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான் போய்ப் பார்த்த ஒரு விடுதியில் அது மேற்பார்வையாளரின் மேசையில், அவருடைய கதிரைக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையில் நின்று, அவர் முன்னிலையில் ‘சுகமாக இருக்கிறேன் அம்மா’ என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள்.