பலமாக இழுத்தால் தலைதான் சுற்றும்

வணக்கம் சார்,

கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வந்தாலே நெஞ்சு அடைக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு நிறையவில்லை. டாக்டர் ஈசிஜி, எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டு, "டென்ஷன்தான், ஆழமாக மூச்சு விட்டுப் பழகுங்கள்" என்றார். பத்து முறை பலமாக இழுத்து விட்டேன். தலை சுற்றி, விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. இந்த மூச்சுப் பயிற்சியெல்லாம் சும்மா பேச்சுதானா?

ச.

அன்புள்ள ச.,

சும்மா பேச்சு இல்லை. ஆனால் நீங்கள் செய்தது தலைகீழ்.

பதறினால் உடம்பு ஓட்டத்துக்குத் தயாராகிறது. மூச்சு வேகமாகி மேல் நெஞ்சோடு நின்றுவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து லெட்ஜர் பார்க்கிறவர் எங்கே ஓடப்போகிறார்? தேவைக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் இருந்தால் அந்த நேரத்தில் மாட்டிப் பாருங்கள், ஆக்சிஜன் பெரும்பாலும் 95 சதவீதத்துக்கு மேலேயே காட்டும். ரத்தத்தில் குறைவது கார்பன் டை ஆக்சைடு. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும், விரல் மரக்கும், உதட்டைச் சுற்றிக் குறுகுறுக்கும். மூச்சு போதாதது போலவும் இருக்கும். உடனே இன்னும் பலமாக இழுப்போம். உங்கள் பத்து இழுப்பும் எரிகிற அடுப்பில் விறகு திணித்த கதைதான்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். அப்புறம் ஒருவர் சொல்லி, மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு தடித்த அகராதியை வைத்துக்கொண்டேன். முதல் நாள் அகராதி அசையவே இல்லை, சட்டையின் மேல் பொத்தான்தான் ஏறி இறங்கியது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்கினால்தான் வயிறு எழும்பும். அகராதி மெல்ல ஏற ஒரு வாரம் ஆயிற்று.

மூக்கால் நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். சும்மா இருக்கும்போது நாம் விடுவது 12 முதல் 20 வரை. மணிக்கட்டில் விரல் வைத்துக்கொண்டே செய்யுங்கள். உள்ளே இழுக்கையில் நாடி சற்று விரையும், வெளியே விடுகையில் மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு அதைத் தணிக்கும். அதனால்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்வது.

லத்தீனில் ஜெபமாலை சொன்னவர்களுக்கும், 'ஓம் மணி பத்மே ஓம்' என்ற மந்திரம் சொன்னவர்களுக்கும் மூச்சு இதே ஆறுக்கு வந்தது என்று இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு 2001-இல் எழுதியது. தினமும் சாமி அறையில் ஜபம் சொல்லும் என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "இதுக்கு இத்தாலியிலிருந்து ஆள் வரணுமா?" என்றார்.

கணக்கு முடிக்கும் நாளில் தொடங்காதீர்கள், அன்று கைக்கு வராது. இப்போதே தினம் ஐந்து நிமிடம் பழகுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். படி ஏறுகையில் நெஞ்சு அடைத்தாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ எண்ணிக்கொண்டு உட்காராமல் மறுபடி டாக்டரிடம் ஓடுங்கள்.