தங்கச்சி, ஊரில் செய்ததை மறைக்காதேங்கோ

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட நூலகத்தில் ஆறு வருசம் வேலை செய்தனீங்கள், ரொறன்ரோ வந்து எட்டு மாதம், தை மாதக் கடைசியில் ஒன்ராறியோ நூலகச் சங்கத்தின்ர மாநாடான சூப்பர் கொன்பரன்சுக்கு முதல்முறை போகப்போறீங்கள். என்ன உடுப்பு, எந்த அமர்வு, வேலை கிடைக்குமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

உடுப்பை விடுங்கோ, நடக்கத் தோதான சப்பாத்து காணும். யூனியன் ஸ்ரேசனில் இறங்கினால் ஸ்கைவோக் எண்ட மூடின நடைபாதைக்குள்ளால குளிர் படாமல் போகலாம். அமர்வுகளை நிகழ்ச்சி நிரலைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கோ.

வேலை விசயம்தான் முக்கியம். இங்க நூலகர் பதவிக்கு அமெரிக்க நூலகச் சங்கம் அங்கீகரிச்ச முதுகலைப் பட்டம் கேட்பினம். இல்லையெண்டால் கல்லூரியில் லைப்ரரி டெக்னீசியன் டிப்ளோமா செய்து உள்ளுக்குப் போகலாம். கண்காட்சி மண்டபத்தில் ரெசியூமே நீட்டாதேங்கோ. அங்க நிக்கிறவை மென்பொருளும் தட்டுகளும் விக்க வந்தவை, சிரிச்சுக் கதைக்கிறது வாங்கிற ஆக்களைத் தேடி. முதல் வருசம் நான் இருபது ரெசியூமே குடுத்தன், ஒரு பதிலும் வரேல்லை.

அதைவிடப் பெரிய பிழை ஒண்டு விட்டனான். "ஊர் அனுபவத்தை வாயாலயும் எடுக்காத, கனடா அனுபவம்தான் செல்லும்" எண்டு எங்கட ஆக்களே சொல்லுவினம். முந்தி வந்து, பட்ட அடியை அறிவுரையாக்கிப் புதுசா வாற பிள்ளையளின்ர வாயை அடைக்கிறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காத பழக்கம். நானும் நம்பி வாய் மூடியிருந்தன்.

அந்த வருசம் ஒரு அமர்வில் திரையில் நூலகத் துறையின்ர ஐந்து விதிகளைப் போட்டிச்சினம். "ஒவ்வொரு வாசகருக்கும் அவரின்ர புத்தகம்" எண்டு வாசிச்ச பேச்சாளர், எழுதினவரின்ர பெயரில் தடக்குப்பட்டா. பக்கத்தில் இருந்த பெண் என்னட்டை "ஆர் இவர்?" எண்டு கேட்டா. ரங்கநாதன், சீர்காழிக்காரர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின்ர முதல் நூலகர், அந்த விதிகள் 1931இல் புத்தகமாக வந்தது. கொழும்பில் படிக்கேக்க இதெல்லாம் எனக்கு மனப்பாடம். கழுத்தில் தொங்கின பெயரட்டைக் கயிறை விரலில் சுத்திக்கொண்டு, தெரியாது எண்டு தலையாட்டினன். ஸ்காபரோ வாற பஸ் முழுக்க அதே நினைவு.

மூண்டு வருசத்துக்குப் பிறகு பல மொழிக் கட்டலொக், அதாவது நூற்பட்டியல், பற்றி ஒரு அமர்வு. கேள்வி நேரத்தில் கை உயர்த்தி எழும்பினன். "எங்கட புத்தகங்களை ஆங்கில எழுத்தில் பதியிறீங்கள். ழகரத்துக்கு எல் போட்டுக் கீழ ஒரு கோடு, நெடில் ஆவுக்கு ஒரு ஏ போட்டு மேல ஒரு கோடு. எங்கட சனம் இசட்-எச் எண்டும், இரண்டு ஏ எண்டும் தட்டுது. புத்தகம் தட்டில் இருக்கு, தேடினால் இல்லை. பதிவில் மற்ற மொழி எழுத்துக்கெண்டு இருக்கிற 880 புலத்தில் தமிழ் எழுத்திலயும் பதியுங்கோ. ஊரில் எட்டு வருசம் தமிழ்ப் புத்தகம் பகுத்தனான், தமிழ் இலக்கியத்தின்ர பகுப்பு இலக்கம் 894.811 என்ர கைக்குப் பழகினது." குரல் நடுங்கினது, ஆனால் முழுக்கச் சொல்லி முடிச்சன்.

முடிய மூண்டு பேர் என்னைத் தேடி வந்திச்சினம். ஒருத்தி, தங்கட நூலகத்தில் ஆறு பெட்டி தமிழ்ப் புத்தகம் தலைப்பு வாசிக்க ஆளில்லாமல் கிடக்கு எண்டு சொல்லி என்ர நம்பர் வாங்கினா. நாலு மாதத்தால் கோல் வந்தது. இந்த நாட்டில் என்ர முதல் நூலக வேலை அந்த ஆறு பெட்டிதான்.