தெப்பத்துக்கு எவ்வளவு, ‘ஸ்பா’வுக்கு எவ்வளவு? கரிபியன் விடுமுறை பற்றிச் சில கேள்விகள்

ரொறன்ரோவில் பனி விழத் தொடங்கியதும் எனக்கு வரும் கடிதங்களில் பாதி கரிபியன் பக்கம் திரும்பிவிடும். விமானமும் ஹோட்டலும் எப்படியோ மலிவாக வாங்கிவிடுகிறார்கள், ஆனால் அங்கே போய் ஒரு நாள் வெளியே சுற்றக் கட்டும் காசில்தான் ஏமாற்றம் வருகிறது. இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படும் ஐந்தை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: மார்ச் பள்ளி விடுமுறைக்கு நான், கணவர், 14 வயது மகன், 68 வயது அம்மா நான்கு பேரும் ஜமைக்காவில் மொண்டேகோ பேக்குப் போகிறோம். ‘ஆற்றில் தெப்பப் பயணமும் ஸ்பாவும், முழுநாள்’ என்று ஆளுக்கு 135 அமெரிக்க டொலருக்கு ஒன்று மின்னஞ்சலில் வந்திருக்கிறது. இந்த வாரமே கட்டினால் 10 வீதம் கழிவாம். அம்மாவுக்கு நீரிழிவு இருக்கிறது. கட்டலாமா? (ஸ்காபரோ வாசகி)

பதில்: இந்த வாரம் கட்ட வேண்டாம். கழிவு போனாலும் உங்கள் நான்கு பேருக்கும் 486 அமெரிக்க டொலர் ஆகிறது, கனடாக் காசில் இன்னும் எவ்வளவோ கூட. அந்தக் காசுக்கு என்ன தருகிறார்கள் என்று நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் தேடிப் பார்த்தேன், எந்த ஆறு என்றுகூட அதில் எழுதவில்லை. ஆற்றின் பெயர் இல்லாத விளம்பரத்துக்கு ஒரு சதமும் கட்டக் கூடாது.

ஜமைக்காவில் தெப்பம் விடுகிற ஆறுகள் பல. மொண்டேகோ பேக்குக் கிழக்கே ஃபால்மவுத் பக்கத்தில் மார்தா பிரே, மேற்கே மலைப்பக்கம் லீத்தி என்ற ஊரில் கிரேட் ரிவர், ஓச்சோ ரியோஸ் பக்கம் வைட் ரிவர், அப்புறம் தீவின் மறுகோடியில் போர்ட் அன்டோனியோவில் ரியோ கிராண்டே. முதல் இரண்டும் உங்கள் ஹோட்டலிலிருந்து கிட்ட, கடைசி ஆற்றுக்குப் போய்வரவே ஒரு நாள் வாகனத்தில் போய்விடும். ஆனால் அழகில் ரியோ கிராண்டேக்கு ஈடில்லை என்பது என் எண்ணம். மலைத்தோட்டங்களிலிருந்து வாழைக்குலைகளைத் தெப்பத்தில் ஏற்றிக் கடற்கரைக்கு இறக்கிய ஆறு அது, ஹாலிவுட் நடிகர் எரல் ஃபிளின் அங்கே குடிவந்து தன் விருந்தாளிகளைத் தெப்பத்தில் அனுப்பத் தொடங்கிய பிறகுதான் உல்லாசப் பயணிகளுக்கும் அது பிடித்துப்போனது. மொண்டேகோ பேயில் தங்கிக்கொண்டு அதற்கு ஆசைப்பட வேண்டாம், போர்ட் அன்டோனியோவிலேயே ஓரிரவு தங்குகிறவர்களுக்குத்தான் அது.

அடுத்தது, விலை ஆளுக்கா தெப்பத்துக்கா என்பது. மூங்கில் தெப்பம் 30 அடி நீளம் இருக்கும், பின்பக்கம் உயர்த்திக் கட்டிய இருக்கையில் இரண்டு பேர் உட்காரலாம், முன்னால் படகோட்டி நின்று நீண்ட கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார். ஆற்றங்கரையில் விலை சொல்வது தெப்பத்துக்கு. உங்களுக்கு வேண்டியது இரண்டு தெப்பம், அவ்வளவுதான். இடையில் விற்கிறவர்கள் அதையே தலைக்கு இவ்வளவு என்று மாற்றிவிடுகிறார்கள். வாகனம், வழிகாட்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்துத்தான் அந்த விலை என்பார்கள், அது நியாயமாகவும் இருக்கலாம், ஆனால் நீங்கள் தெப்ப விலையை அந்த இடத்தின் சொந்த இணையத்தளத்தில் பார்த்து, ஒரு வாகனத்துக்குப் போய்வர எவ்வளவு என்று கேட்டு, இரண்டையும் கூட்டிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிச்ச வித்தியாசம் சாப்பாட்டுக்குத் தகுமா என்று அப்போது உங்களுக்கே தெரியும்.

இனி ஸ்பா. கேள்வியே இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். விளம்பரப் படத்தில் வெள்ளைத் துவாயும் பூவும் மெழுகுதிரியும் இருக்கின்றன. ஆற்றில் நடப்பது வேறு. பாதி வழியில், தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்குகிற ஓரிடத்தில் படகோட்டி தெப்பத்தை நிறுத்துவார், ஒரு சுண்ணாம்புக்கல்லை எடுத்து நனைப்பார், நீங்கள் இருந்த இடத்திலேயே காலை நீட்ட வேண்டியதுதான். முழங்காலிலிருந்து பாதம் வரை அந்தக் கல்லால் தேய்த்துக்கொண்டு வருவார், மிருதுவான கல் என்பதால் தேய்க்கத் தேய்க்க வெள்ளைக் குழம்பாகக் கரைந்து காலில் பூசிக்கொள்ளும், பிறகு ஆற்றுத் தண்ணீரை அள்ளிக் கழுவிவிடுவார். குதிகாலில் தடித்துப்போன தோல் கொஞ்சம் உரிந்து கால் வழுவழுப்பாக இருக்கும். எனக்குப் பிடித்திருந்தது, மறுபடி போனாலும் கேட்டு வாங்குவேன். ஆனால் அது பத்துப் பதினைந்து நிமிட வேலை, அதைத் தனியாகவும் கேட்டு வாங்கலாம், ‘முழுநாள் ஸ்பா’ என்று விலை போட்டு விற்க முடியாது. ஆகவே அவர்களுக்கு ஒரே வரியில் எழுதுங்கள்: ‘ஸ்பா என்பது ஆற்றில் கால் தேய்ப்பதா, அல்லது கட்டிடத்துக்குள் மசாஜ் செய்பவரிடம் போவதா, எத்தனை நிமிடம்?’ பதில் எழுத்தில் வரட்டும்.

அம்மாவுக்கு அந்தக் கால் தேய்ப்பு வேண்டவே வேண்டாம். நீரிழிவு நீண்ட நாளாக இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும், கல் உரசித் தோல் கிழிந்தாலும் தெரியாது, அந்தக் கீறலோடு ஆற்றுத் தண்ணீரில் காலை வைத்தால் கிருமி உள்ளே போக வழி திறந்துவிட்ட மாதிரி. எலிக்காய்ச்சல் கிருமி ஆற்றிலும் வெள்ளத்திலும் இருக்கக்கூடியது, மழைக்குப் பிறகு கூடுதலாக. மற்றவர்களும் கணுக்காலில் புதுப் புண் இருந்தால், அன்று காலையில்தான் கால் மயிர் மழித்திருந்தால், அதைத் தவிர்த்துவிடுங்கள். தெப்பத்தில் ஏறுவதற்கு அம்மா பயப்பட வேண்டியதில்லை. தண்ணீர் அமைதியாகத்தான் ஓடும், மார்தா பிரேயில் 3 மைல் தூரம், ஒரு மணிநேரத்துக்குச் சற்றுக் கூட. மூங்கில்களின் இடைவெளியில் தண்ணீர் ஏறி வரும், கால் கட்டாயம் நனையும், செருப்புப் போட்டுக்கொண்டு போய் வழுக்கி விழுகிறவர்கள் உண்டு, அதனால் பிடிமானமுள்ள மூடிய தண்ணீர்ச் சப்பாத்து ஒரு சோடி இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள். இன்சுலின் போடுகிறார் என்றால் அதைக் குளிர்ப்பையில் வைத்துக் கையோடு எடுத்துப் போங்கள், வெயிலில் நிற்கும் வாகனத்தில் விட்டுவிடாதீர்கள்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். நாங்கள் போன வருடம் ஒரு பெரிய பஸ்ஸில்தான் போனோம். ஆற்றுக்குப் போகும் வழியில் ஒரு நினைவுப்பொருள் கடையில் 40 நிமிடம், திரும்பும் வழியில் ரம் விற்கும் இன்னொரு கடையில் அதே அளவு. அதற்கு மேல் ஐந்து ஹோட்டல்களில் ஆள் ஏற்றினார்கள். காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 4 மணிக்குத் திரும்பினோம், தெப்பத்தில் இருந்தது ஒரு மணிநேரம். அந்த ஒரு மணிநேரம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது, பச்சைத் தண்ணீரும் இரண்டு பக்கத்து மூங்கிலும், தங்கம் தேடி வந்த ஸ்பானியர்களை ஆற்றின் போக்கையே திருப்பி மூழ்கடித்தாள் என்று சொல்லப்படும் மார்தா பிரே என்ற, தீவின் ஆதிக்குடிகளான தைனோ இனத்துப் பெண்ணின் கதையைப் படகோட்டி சொன்ன விதமும். அதற்குக் காசு கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை, அந்த இரண்டு கடைகளுக்காக என் பிள்ளைகள் பஸ்ஸில் களைத்துப்போனதில்தான் வருத்தம். வழியில் எங்கே நிற்பீர்கள், எத்தனை ஹோட்டலில் ஆள் ஏற்றுவீர்கள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. நீங்கள் கேளுங்கள்.

இன்னொன்று, 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா சூறாவளி ஜமைக்காவின் மேற்குப் பகுதியைப் பலமாகத் தாக்கியது. நீங்கள் போகிற பகுதி அதுதான். அதற்கு முன் எழுதிய விமர்சனங்களையும் படங்களையும் நம்பி முடிவெடுக்காதீர்கள், அந்த இடத்துக்கே எழுதி இப்போது எந்தெந்த நாள் திறந்திருக்கிறது என்று கேளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். ஹோட்டல் மூலம் உரிமம் பெற்ற வாகனம் ஒன்று பேசுவேன். அங்கே வாடகை வாகனங்களுக்குச் சிவப்பு எண்தகடு இருக்கும், அது இல்லாததில் ஏற மாட்டேன். விலையை ஏறும் முன்னமே, ஆளுக்கு இல்லாமல் வாகனத்துக்கு, காத்திருக்கும் நேரமும் சேர்த்துப் பேசிவிடுவேன். தெப்பத்தில் ஏறும் இடம் வேறு, இறங்கும் இடம் வேறு, எனவே நம்மை எங்கே வந்து ஏற்றுவது என்பதையும் ஓட்டுநரோடு முடிவு செய்துகொள்வேன். இரண்டு தெப்பம், அம்மாவோடு நீங்கள், அப்பாவோடு மகன். மசாஜ் வேண்டுமென்றால் ஹோட்டலிலேயே ஒருநாள் பின்னேரம், சேவைக் கட்டணம் விலைக்குள் அடங்குமா என்று கேட்டுவிட்டு.

கேள்வி: போன நவம்பரில் இதே மாதிரிப் பயணம் ஒன்றுக்கு முன்பணம் முழுவதும் கட்டினேன். மழையில் ஆறு கலங்கிவிட்டது, தெப்பம் விடவில்லை. இப்போது ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தும் வவுச்சர் தருகிறார்கள். நான் திரும்பப் போகப்போவதில்லை. (பிரம்டன்)

பதில்: ஆறு கலங்கி வேகமாக ஓடும்போது தெப்பம் விடாமல் நிறுத்தியது சரியான செயல், அதற்காக யாரிடமும் கோபிக்க வேண்டாம். ஆனால் தராத சேவைக்குக் காசை வைத்துக்கொள்வது வேறு விஷயம். முதலில் நீங்கள் வாங்கியபோது வந்த நிபந்தனைகளைத் தேடி எடுங்கள். ‘காலநிலையால் ரத்தானால் பணம் திருப்பித் தரப்படும்’ என்று இருந்தால் அந்த வரியை வெட்டி ஒட்டி, வவுச்சர் வேண்டாம், கட்டிய அட்டைக்கே பணம் வர வேண்டும் என்று திகதி போட்டு எழுதுங்கள். தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள். பதில் வராவிட்டால் கடனட்டை வங்கியிடம் ‘சேவை கிடைக்கவில்லை’ என்று முறைப்பாடு செய்யலாம், பொதுவாக 120 நாள் என்று ஒரு கெடு உண்டு, நவம்பர் என்றால் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, இன்றைக்கே கூப்பிடுங்கள். நிபந்தனையில் வவுச்சர் மட்டும்தான் என்று தெளிவாக எழுதி நீங்களும் சம்மதித்திருந்தால் வங்கி உங்கள் பக்கம் நிற்பது கஷ்டம், அப்போது வவுச்சரை வேறொருவர் பெயருக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள்.

இந்தப் பயணத்தை ஒன்ராறியோவில் பதிவு பெற்ற பயண முகவரிடம் வாங்கியிருந்தால், அந்தத் தொழிலைக் கண்காணிக்கும் டீக்கோ அமைப்பிடம் முறையிடலாம். டீக்கோவின் இழப்பீட்டு நிதி ஒருவருக்கு 5,000 டொலர் வரை தரும் என்று பலர் எழுதுகிறார்கள், அது முகவர் கடையை மூடிவிட்டார், விமான நிறுவனம் நொடித்துப்போனது போன்ற நிலைமைக்கு. மழைக்கு அல்ல. ஜமைக்காவில் கடற்கரையில் ஒரு மேசை போட்டு விற்றவரிடம் வாங்கியது இதில் எதற்குள்ளும் வராது.

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள் புன்டா கானா போகிறோம். அமைதியான தெப்பம் வேண்டாம், நுரை பறக்கிற ராஃப்டிங் வேண்டும். கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் புன்டா கானாவில் கிடைக்காது. டொமினிக்கன் குடியரசின் நடுவில், மலைமேல் ஹரபகோவா என்ற ஊரில், யாக்கே டெல் நோர்த்தே ஆற்றில்தான் அது. அந்த நாட்டின் மிக நீளமான ஆறு அது. காற்றடைத்த படகு, தலைக்கவசம், ஆளுக்கொரு துடுப்பு, நீங்கள் நினைக்கிற ராஃப்டிங் அதுவேதான். புன்டா கானாவிலிருந்து ஒரு வழிக்கே நாலு மணிநேரத்துக்கு மேல் வாகனத்தில் இருக்க வேண்டும், அதை ‘ஒரு நாள் பயணம்’ என்று விற்கிறவர்கள் விடிகாலையிலேயே உங்களை எழுப்புவார்கள். ஹரபகோவாவிலேயே ஓரிரவு தங்குங்கள், அல்லது அடுத்த முறை புவேர்ட்டோ பிளாட்டாவுக்கு விமானம் எடுங்கள், அங்கிருந்து தூரம் பாதியாகிவிடும். நீந்தத் தெரியாத நண்பர் யாராவது இருந்தால் முன்னமே சொல்லச் சொல்லுங்கள், படகில் ஏறிய பிறகு சொல்வதில் பயனில்லை.

கேள்வி: கப்பலில் வந்து ஃபால்மவுத்தில் ஒரு நாள் நிற்போம். கப்பலிலேயே ரிக்கெற் வாங்குவதா, வெளியே வாங்குவதா?

பதில்: ஃபால்மவுத் துறைமுகத்துக்கும் மார்தா பிரேக்கும் தூரம் சில மைல்தான், அதனால் வெளியே வாகனம் பேசினால் மலிவாக முடியும், நேரமும் போதும். கப்பல் விற்கும் பயணத்தில் உள்ள ஒரே பெரிய நன்மை, அவர்களின் பஸ் பிந்தினால் கப்பல் காத்திருக்கும் என்பதுதான். தனியாகப் போனால் காத்திருக்காது. காலையில் முதல் ஆளாக இறங்கிப் போய் மதியத்துக்குள் திரும்புகிறீர்கள் என்றால் வெளியே வாங்குங்கள். கப்பல் எந்த நேரத்தைக் கணக்கில் வைத்திருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள், கப்பல் நேரமும் தீவின் நேரமும் சில சமயம் ஒரு மணிநேரம் வேறுபடும்.

கேள்வி: படகோட்டிக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டுமா? எந்தக் காசில்?

பதில்: கட்டாயம் கொடுங்கள், அவர் கையிலேயே கொடுங்கள். நீங்கள் ஹோட்டலில் கட்டிய காசிலிருந்து அவருக்கு வருவது சிறு பங்கு. ஜமைக்காவில் தெப்பம் விடப் படகோட்டிகளுக்கு உரிமம் வேண்டும், அந்த அளவுக்கு அது ஒரு தொழில். ஒரு மணிநேரத்துக்கு மேல் வெயிலில் நின்றபடி இரண்டு பேரைச் சுமந்து தள்ளுகிறவர், கால் தேய்த்துவிட்டிருந்தால் அதற்கும் சேர்த்துக் கொடுங்கள், ‘டிப்ஸ் உள்ளடக்கம்’ என்று ரிக்கெற்றில் இருந்தாலும் கூட. சில்லறையாக அமெரிக்க டொலர் நோட்டுகள் கொண்டுபோங்கள், கனடா நாணயக் குற்றிகளை அங்கே மாற்றிக்கொள்ள முடியாது, அவருக்கு அது காசே இல்லை.

அட்டையில் கட்டும் இடத்தில் இயந்திரம் ‘கனடா டொலரிலா, உள்ளூர்க் காசிலா’ என்று கேட்டால் உள்ளூர்க் காசை அழுத்துங்கள். கனடா டொலரை அழுத்தினால் அந்த இயந்திரக்காரரின் மாற்று வீதம் விழும். நம்முடைய அட்டைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே வெளிநாட்டுக் கட்டணமாக 2.5 வீதம் எடுக்கின்றன, அதற்கு மேல் இன்னொன்றும் ஏன் கொடுப்பான். கரையில் சுரைக்குடுக்கையில் பெயர் செதுக்கித் தருகிறவர்கள் இருப்பார்கள், செதுக்கத் தொடங்கும் முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள். உங்கள் பெயரைச் செதுக்கிய பிறகு அதை அவர் வேறு யாருக்கும் விற்க முடியாது.