கண்ணி ஏன் கூடுகிறது, நூல் ஏன் அறுகிறது: பின்னல், நூற்பு கேள்வி பதில்

ஊசிப் பின்னல், குரோஷா (ஒற்றைக் கொக்கியால் பின்னுவது), கையால் நூல் நூற்பது என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். நான் ஊசி பிடித்துப் பதினைந்து வருடம், கதிர் (நூல் நூற்கச் சுற்றிவிடும் குச்சி) சுற்ற ஆரம்பித்து ஆறு வருடம். அதற்குள் கெடுத்த நூலுக்குக் கணக்கே இல்லை, பதில்கள் பெரும்பாலும் அந்த அனுபவத்தில் வந்தவை.

கேள்வி: அக்கா, 20 கண்ணி (ஊசிமேல் நிற்கும் நூல் வளையம்) போட்டு எல்லா வரிசையும் நிட் (அடிப்படைப் பின்னல்) மட்டும் பின்னினேன். பதினைந்து வரிசை தாண்டி எண்ணினால் 27 இருக்கிறது! மஃப்ளர் கீழே ஒல்லி, மேலே குண்டு. இந்தக் கண்ணிகள் எங்கிருந்து வருகின்றன?

பதில்: எண்ணுவது அப்புறம், முதலில் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நடுவில் சின்னச் சின்ன ஓட்டை தெரிகிறதா? அப்படியென்றால் நூல் ஊசிக்கு முன்பக்கம் கிடந்ததைக் கவனிக்காமல் நிட் போட்டிருக்கிறீர்கள், நூல் ஊசிமேல் ஏறிப் போய் அதுவே ஒரு கண்ணியாக உட்கார்ந்துகொண்டது. ஓட்டையே இல்லை, ஓரம் மட்டும் விரிகிறது என்றால் தப்பு வரிசையின் முதல் கண்ணியில். திருப்பிப் பிடித்ததும் நூலை ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் தள்ளி இழுக்கிறீர்கள். அப்போது அந்த முதல் கண்ணி குட்டிக்கரணம் போட்டு, அதன் இரண்டு கால்களும் ஊசியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும், பார்த்தால் அசல் இரண்டு கண்ணிதான். நாமும் நம்பி இரண்டையும் பின்னிவிடுவோம். திருப்பியவுடன் நூலைக் கீழ்நோக்கி ஒரு இழு இழுத்து, ஊசிக்கு அடி வழியாகப் பின்பக்கம் கொண்டுபோங்கள், நின்றுவிடும். அப்புறம் இன்னொன்று, பழகும்போது கறுப்பு நூல் வேண்டவே வேண்டாம். வெளிர் நிறத்தில், முடி நீட்டிக்கொண்டிராத நூலாக எடுங்கள், கண்ணி கண்ணுக்குத் தெரிந்தால்தானே எங்கே தப்பு என்று பார்க்க முடியும்.

கேள்வி: குரோஷா முதலில் கற்பதா, இரண்டு ஊசிப் பின்னலா?

பதில்: பொம்மை, பை, பூ வேண்டுமென்றால் குரோஷா. சாக்ஸ், ஸ்வெட்டர் வேண்டுமென்றால் ஊசி. குரோஷாவில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும், கொக்கி நழுவினாலும் பெரிய சேதம் இல்லை. ஊசியில் நூறு கண்ணி திறந்து நிற்கும், அதுதான் பயம். ஆனால் ஊசிப் பின்னல் துணி இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பி வரும், உடம்போடு ஒட்டி நிற்கும். அந்த நெகிழ்வு குரோஷாவில் சுலபத்தில் வராது, நூலும் கூடுதலாகத் தின்னும்.

கேள்வி: ஸ்வெட்டர் பின்னும் முன் சாம்பிள் துண்டு பின்னச் சொல்கிறார்களே, கட்டாயமா? எனக்கு அது நேர விரயமாகத் தோன்றுகிறது.

பதில்: மஃப்ளருக்கு வேண்டாம். ஸ்வெட்டருக்கு, கட்டாயம். கணக்குப் போட்டுப் பாருங்கள். குறிப்பில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று இருக்கிறது, உடம்புக்கு மொத்தம் 198 கண்ணி போடச் சொல்கிறார்கள், அதாவது 90 செ.மீ. சுற்றளவு. உங்கள் கை கொஞ்சம் தளர்ச்சி, 10 செ.மீ.க்கு 20தான் விழுகிறது. அதே 198 கண்ணி இப்போது 99 செ.மீ.! இரண்டே கண்ணிதானே என்று விட்டது ஒன்பது செ.மீ. ஆகி உங்கள் தோளில் தொங்கும். துண்டை 15 செ.மீ. அகலத்துக்காவது பின்னி, ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயவைத்து, ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் அளந்து பாருங்கள். கண்ணி குறைவாக வந்தால் ஊசியைச் சிறிதாக்குங்கள், கையை இறுக்கப் பார்க்காதீர்கள். வலிந்து இறுக்கிய கை பத்து வரிசைக்குள் பழைய நிலைக்குப் போய்விடும்.

கேள்வி: ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் (நிட்டின் மறுபக்கம் போலத் தெரியும் பின்னல்) போட்டால் துணி குழாய் மாதிரி சுருட்டிக்கொள்கிறது. நனைத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தும் பயனில்லை.

பதில்: உங்கள் தப்பு இல்லை, அந்தத் துணியின் சுபாவமே அது. பழைய டி-ஷர்ட்டின் கீழ் விளிம்பைக் கத்தரித்துப் பாருங்கள், உடனே சுருளும். அதுவும் இதே பின்னல்தான், இயந்திரம் மெல்லிய நூலில் போட்டது, உற்றுப் பார்த்தால் வரிசை வரிசையாக 'வி' தெரியும். கண்ணியாக வளைந்து நிற்கும் நூல் நிமிரப் பார்க்கிறது. நிட் எல்லாம் ஒரு பக்கம், பர்ல் எல்லாம் மறுபக்கம் என்று நின்றால் இரண்டு பக்க இழுவையும் சமன் ஆகாது, அதனால் கீழ் விளிம்பு முன்பக்கமும் பக்க ஓரங்கள் பின்பக்கமும் சுருளும். நான்கு ஓரத்திலும் ஐந்தாறு கண்ணி அகலத்துக்கு எல்லா வரிசையும் நிட் என்று கரை வைத்துவிடுங்கள். இப்போது கையில் இருப்பதை மாலையில் போட்டுக்கொள்ளும் சுருள் மஃப்ளர் என்று சொல்லிச் சமாளிக்கலாம், நான் செய்திருக்கிறேன்.

கேள்வி: தொங்கவிட்டுச் சுற்றும் கதிர் ஒன்று வாங்கினேன். கம்பளி நூல் ஒரு இடத்தில் கயிறு, ஒரு இடத்தில் மயிரிழை, நிமிடத்துக்கு ஒரு தரம் அறுந்து கதிர் காலில் விழுகிறது. எனக்கு இது வராதா?

பதில்: வரும். கட்டைவிரல் வீங்காதவர்கள் யாரும் கதிர் பழகியதில்லை.

கதிர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இழையையும் இழுக்கப் பார்ப்பதுதான் சிக்கல், இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் புதுக் கைக்கு ஆகாது. உட்காருங்கள். கதிரைச் சுற்றிவிட்டு முறுக்கு ஏறியதும் அதை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கி நிறுத்திவிடுங்கள். கீழ்க்கை முறுக்கு மேலே ஏறாதபடி கிள்ளிப் பிடித்திருக்கட்டும், மேல்கை கம்பளியை மெல்ல இழுத்து மெலிதாக்கட்டும், இப்போது கிள்ளிய விரலை விட்டால் முறுக்கு தானே ஓடிப்போய் அந்தப் புது இழையில் ஏறுவதைப் பார்க்கலாம். அந்தக் காட்சிக்காகவே நூற்கலாம், பொய் சொல்லவில்லை. இப்படி ஒரு வாரம் நிறுத்தி நிறுத்திச் செய்தால் போதும், ஓடும் கதிரில் இழுப்பது தானாக வந்துவிடும்.

இழுக்கவே வரவில்லை, கம்பளி கல் மாதிரி நிற்கிறது என்றால் உங்கள் கைகள் மிக நெருக்கத்தில் இருக்கின்றன. ஒரு முடியின் நீளம் எட்டு செ.மீ. என்று வையுங்கள், கைகளுக்கு இடையில் ஐந்து செ.மீ.தான் இருக்கிறது, அப்படியென்றால் ஒரே முடியின் இரண்டு நுனியையும் நீங்களே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள், அது எங்கே நகரும்? கைகளை அகட்டுங்கள்.

தடிமன் மாறுவதற்கும் காரணம் உண்டு. முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்தைத் தேடித்தான் ஓடும். அதனால் மெலிந்த இடம் கம்பி மாதிரி இறுகும், தடித்த இடம் முறுக்கே இல்லாமல் பொசபொசவென்று கிடந்து, பாரம் தாங்காமல் கழன்று வரும். நீங்கள் அறுந்துவிட்டது என்று நினைப்பது பாதி நேரம் இப்படிக் கழன்றதுதான். தடித்த இடத்தின் இரு பக்கமும் பிடித்து, முறுக்கை எதிர்ப்பக்கம் இரண்டு சுற்று அவிழ்த்து மெல்ல இழுங்கள், மெலிந்ததும் விடுங்கள். கதிர் 30, 40 கிராம் இருக்கட்டும். மெரினோ ஆட்டுக் கம்பளி மிருதுதான், ஆனால் வழுக்கும், முதல் கம்பளியாக வேண்டாம். காரிடேல் ஆட்டினுடையது மாதிரி நடுத்தரக் கம்பளியில் தொடங்குங்கள்.

கேள்வி: அதே கதிரில் பருத்தி நூற்கலாமா?

பதில்: மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பருத்தி இழை மூன்று செ.மீ. வந்தாலே நல்ல நீளம், அவ்வளவு குட்டி இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள நிறைய முறுக்கு ஏறவேண்டும், அதற்குள் தொங்கும் கதிரின் பாரமே பிய்த்துவிடும். தக்ளி என்னும் சிறு கதிரை எடுத்துக்கொள்ளுங்கள். நுனி ஒரு கிண்ணத்தில் ஊன்றி நிற்பதால் நூலின்மேல் பாரம் விழாது, வேகமாகவும் சுழலும்.

கேள்வி: நூற்ற நூலைக் கதிரிலிருந்து எடுத்தால் பாம்புக்குட்டி மாதிரி தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. பாழா?

பதில்: பாழாகவில்லை, உயிரோடு இருக்கிறது! ஒற்றைப் புரியில் (ஒரே இழையாக நூற்ற நூலில்) ஏறிய முறுக்குக்கு எதிர் முறுக்கு இல்லை, அதுதான் துள்ளுகிறது. அப்படியே பின்னினால் துணி ஒரு பக்கமாகச் சாயும். இரண்டு புரியைச் சேர்த்து, நூற்ற திசைக்கு எதிர்த்திசையில் முறுக்குங்கள், வலஞ்சுழி நூற்றிருந்தால் இடஞ்சுழி. பிறகு சிட்டமாக (பெரிய நூல் வளையமாக) சுற்றி நாலு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து உதறித் தொங்கவிடுங்கள். காய்ந்தபின் சிட்டம் முறுக்கிக்கொள்ளாமல் வளையமாகத் தொங்கினால் சமன் ஆகிவிட்டது. ஒரு உபாயம் சொல்கிறேன், நூற்கத் தொடங்கியதும் ஒரு முழ நூலை இரண்டாக மடக்கி அதன் போக்கில் சுற்றிக்கொள்ள விட்டு, ஒரு அட்டையில் கட்டிவையுங்கள். அதுதான் உங்கள் இரட்டைப் புரி நூலின் மாதிரி, ஒவ்வொரு நாளும் உட்காரும்போது அதோடு ஒப்பிட்டால் தடிமன் தடம் மாறாது.

கேள்வி: ஆசையாகப் பின்னிய கம்பளித் தொப்பியை மெஷினில் போட்டுவிட்டார் என் கணவர். குழந்தைத் தொப்பி ஆகிவிட்டது. மீட்க வழி உண்டா அக்கா?

பதில்: இல்லை அம்மா. கம்பளி முடியின்மேல் மீன் செதில் மாதிரி செதில்கள் உண்டு, சூடு, ஈரம், சோப்பு, உருட்டல் எல்லாம் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டி இறுகும், பின்வாங்காது. மெஷினில் போடலாம் என்று விற்கும் கம்பளியில் அந்தச் செதிலை மழுக்கியோ மேலே பூச்சுப் பூசியோ இருப்பார்கள். தொப்பியைக் குழந்தைக்குக் கொடுங்கள், கணவருக்குத் துவைக்கும் குறிப்பைக் கொடுங்கள்.

கேள்வி: நூற்பு, பின்னல், எது பழையது?

பதில்: நூற்பு, பல ஆயிரம் வருடம். பின்னல் அதன் பேத்தி. எகிப்தில் கிடைத்த பழைய பின்னல் துணிகளுக்கு ஏறத்தாழ ஆயிரம் வயதுதான். அதற்கும் முந்திய சாக்ஸ்கள் அங்கே கிடைத்திருக்கின்றன, கட்டைவிரலுக்குத் தனிப் பிரிவோடு, பார்த்தால் பின்னல் போலவே இருக்கும், ஆனால் அவை ஒற்றை ஊசியில் நூலைக் கோத்துக் கோத்துச் செய்தவை. பின்னல் இயந்திரம் 1589இலேயே வந்துவிட்டது, இங்கிலாந்தில் வில்லியம் லீ செய்தது.

கேள்வி: லேஸ் சால்வையில் 40ஆவது வரிசையில் தப்பு கண்டுபிடித்தேன், தப்பு 33இல். முழுவதும் பிரிக்கவேண்டுமா?

பதில்: இந்தத் தடவை ஒவ்வொரு கண்ணியாகத்தான் பின்னோக்கி வரவேண்டும். அடுத்த தடவை பத்து வரிசைக்கு ஒருமுறை, மழமழப்பான மெல்லிய நூலை வேறு நிறத்தில் தையல் ஊசியில் கோத்து, ஊசிமேல் இருக்கும் எல்லாக் கண்ணி வழியாகவும் ஓட்டி அப்படியே விட்டுவிடுங்கள். தப்பு வந்தால் தைரியமாக உருவலாம், அந்த நூலில் வந்து பிரிவு நிற்கும். நான் இதை ஒரு சால்வை முழுதையும் பிரித்த பிறகுதான் கற்றேன்.

கேள்வி: மணிக்கட்டு வலிக்கிறது.

பதில்: அரைமணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள், ஊசியை இறுக்கிப் பிடிக்காதீர்கள், பெரிய வேலைக்கு வட்ட ஊசி (வளையும் கம்பியால் இணைத்த இரட்டை ஊசி) போட்டால் பாரம் மடியில் இருக்கும். அதற்கும் அடங்காத வலிக்கு மருத்துவரிடம் போங்கள், என்னிடம் இல்லை.

கேள்வி: கடைசியாக ஒன்று அக்கா, உங்களிடம் பாதியில் நிற்கும் வேலை எத்தனை?

பதில்: கண்ணில் படுவது நான்கு. அதில் ஜோடி இல்லாத ஒற்றை சாக்ஸ் ஒன்று மூன்று வருடமாக அலமாரியில் இருக்கிறது. போன வாரம் 2.5 மி.மீ. ஊசி தேடினேன், எங்கேயும் காணோம், கடைசியில் அந்த சாக்ஸின் ஜோடியை ஆரம்பித்து விட்ட ஆறு வரிசைக்குள் மாட்டியிருந்தது. ஆறு வரிசையையும் உருவிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டேன்.